கழற்றுவதற்கு ஒரு சோடி சப்பாத்து

அன்று காலை பள்ளிக்கூட விறாந்தையில் விரித்திருந்த தும்புப் பாயைச் சுற்றி நின்றவர்களை இன்றைக்கும் என்னால் வரிசை தவறாமல் சொல்ல முடியும். வலது பக்கத்தில் பெரிய ரீச்சர். அவருக்கு அருகில் பாதிரியார். அவர்களுக்கு முன்னால், பிரம்புக் கதிரையில், பள்ளிக்கூடச் சபையின் தலைவரான வெள்ளைக்காரத் துரை. எதிரே மூன்று ரீச்சர்மாரும், ஆசிரியர்களில் ஒரே ஆணாக நானும். படிக்கட்டிலும் அதன் கீழே முற்றத்திலுமாக நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாயின்மேல் நாற்பத்திரண்டு சோடி சப்பாத்து. வராதவர்கள் இரண்டு பேர். அத்தான் அந்த நேரம் துறைமுகத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா கொட்டாஞ்சேனையில் வீட்டில் இருந்தாள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. நாற்பத்திரண்டாவது சோடியை வாங்கிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். ஐந்து வயதில் பிள்ளைகளை எடுத்து, ஒன்பது பத்து வயதில் பெரிய கல்லூரிகளின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் கிறிஸ்தவ ஆயத்தப் பள்ளி. பிறக்கிராசிமாரின் பிள்ளைகள், டாக்குத்தர்மாரின் பிள்ளைகள், கோட்டையில் கம்பெனி உத்தியோகம் பார்ப்பவர்களின் பிள்ளைகள். வழக்குப் பேசுவதும் வைத்தியம் பார்ப்பதும் இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே எழுதி வைத்தாகிவிட்டது. இடையில் கரண்டி பிடிக்கவும் ஜெபம் சொல்லவும் பழக்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அங்கே தமிழும் கணக்கும் படிப்பிக்க நான் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் என்று ஒன்றை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பா சம்பளப் புத்தகத்தில் பெருவிரலை உருட்டித்தான் வைப்பார். வேலைக்கு எடுத்துக்கொண்ட கடிதத்தில் ஆசிரியர்கள் கோட்டும் சப்பாத்தும் அணிந்து வரவேண்டும் என்று எழுதியிருந்தது. பத்தொன்பது வயதில், கடன்பட்டு, என் கால்கள் முதன்முதலாகத் தோலுக்குள் நுழைந்தன. முதல் மாதம் முழுதும் நொண்டினேன். அதை மறந்துபோனேன் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குள்ள பங்கு.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாச் சொல்லிலும் அதிகம் புழங்கிய சொல் குடும்பம். காலை ஜெபத்தில் நாங்கள் ஒரு குடும்பம். சாப்பாட்டு மேசையில் ஒரு குடும்பம். கட்டணம் பிந்தியவர்களுக்குப் போகும் கடிதம்கூட, ‘நம் குடும்பத்தின் அன்பான அங்கத்தவர்களுக்கு’ என்றுதான் தொடங்கும். முடிவில் பிள்ளையைத் திங்கட்கிழமையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று இருக்கும். இந்தக் குடும்பத்துக்குத் தாய் பெரிய ரீச்சர். யாழ்ப்பாணத்துப் போதகர் ஒருவரின் மகள், கலியாணம் செய்யவில்லை. கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையும், தோளில் ஊசியால் குத்திய சின்னக் கடிகாரமுமாக, ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுக்கொண்டு விறாந்தை நெடுக நடப்பார். என்னை அவருக்குப் பிடிக்கும். ‘நீங்கள் ரோமன் கத்தோலிக்கர் எண்டாலும் கிறிஸ்தவர்தானே, மாஸ்டர்’ என்று என்னை வேலைக்கு எடுத்த அன்றே மன்னித்துவிட்டார்.

வருடத்துக்கு ஒரு ஏழைப் பிள்ளைக்கு அங்கே இலவச இடம் உண்டு. அந்த இடத்தை அக்காவின் மகளுக்குக் கேட்டேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. வாயாடி. கண்ணில் படும் பெயர்ப்பலகையை எல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்து, தெரியாத எழுத்து வந்தால் என்னோடு சண்டைக்கு வருவாள். அவள் இங்கிலீஷ் படிக்க வேண்டும், துறைமுகத்தில் அத்தானின் கையில் தரும் துண்டை வாசித்து, அதில் எத்தனை மூட்டை எழுதியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்; அக்காவுக்கு அதற்கு மேல் ஆசை கிடையாது. பெரிய ரீச்சர் ஒரு கிழமை ஜெபித்துவிட்டுச் சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது.

‘இங்க எல்லாரும் ஒரே குடும்பம், மாஸ்டர். அதுக்குள்ள தனியாச் சொந்தம் கொண்டாடினால் மற்றப் பிள்ளையளுக்கு ஒரு மாதிரி இருக்கும்’ என்றார்.

அதை நான் மிகவும் நியாயமான பேச்சாக எடுத்துக்கொண்டு, மறுநாள் ரயிலில் வைத்துப் பிள்ளைக்கு விளக்கினேன். அவள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, ‘எந்த ஸ்டேஷன்ல மாமா மாஸ்டர் ஆகுவீங்க?’ என்று கேட்டாள். நான் கொஞ்ச நேரம் யோசித்து, ‘பம்பலப்பிட்டி தாண்டினால்’ என்றேன். சிரிக்காமல் சொன்னேன். அந்த நாட்களில் நான் எதற்கும் சிரிப்பதில்லை.

அவளிடம் சப்பாத்து இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் எந்தப் பிள்ளையிடம் இருந்தது? வெறுங்காலோடு என்னுடன் கோட்டை ஸ்டேஷன் வரை நடந்து, ரயிலேறி, ஒழுங்கை மணலில் நடந்து, வாசல் குழாயில் காலைக் கழுவிவிட்டு வகுப்புக்குள் போவாள். பெரிய ரீச்சர் அதைக் கண்டும் காணாமல் விட்டார். தாம் கண்டும் காணாமல் விடுகிறோம் என்பதை வருகிற பெற்றோர் எல்லாரிடமும் சொன்னார். படம் எடுக்கும் நாட்களில் மட்டும் பிள்ளையைப் பின்வரிசையில் வாங்குப் பலகைக்குப் பின்னால் நிறுத்துவார்கள். அவளும் எல்லாருடைய தோளுக்கும் மேலால் எட்டிப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள்.

இனி அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு வெள்ளியை அந்தப் பள்ளிக்கூடம் ‘எளியோர் வெள்ளி’ என்று கொண்டாடியது. பெரிய ரீச்சரே உண்டாக்கிய வழக்கம். அன்று காலை பிள்ளைகள் எல்லாரும் விறாந்தைக்கு வந்து, சப்பாத்தையும் காலுறையான மேஸையும் கழற்றி, தும்புப் பாயில் வரிசையாக வைத்துவிட்டு, பின்னேரம் வரை வெறுங்காலோடு இருப்பார்கள். முற்றத்தைச் சுற்றிச் சரளைக் கல்லில் ஒரு தரம் ஊர்வலமாக நடப்பார்கள். மத்தியானம் தகரத் தட்டில் கஞ்சியும் ஒரு துண்டுத் தேங்காயும். உலகத்திலுள்ள ஏழைகளோடு அன்று ஒரு நாள் நாங்களும் ஒன்று என்று பெரிய ரீச்சர் பேசுவார். மூன்று மணிக்கு மணி அடிக்கும். ஆயாமார் வந்து பிள்ளைகளின் காலைத் துடைத்துச் சப்பாத்தை மாட்டிவிடுவார்கள். ஒழுங்கை முழுக்க மோட்டார் கார்கள் நிற்கும். கார்களுக்குள் கேக் இருக்கும்.

முதல் வருடம் அதைப் பார்த்து நான் கண்கலங்கினேன். அதையும் எழுதாமல் விடக் கூடாது. தடுமனோடு வந்த ஒரு பிள்ளைக்குத் தாயார் துண்டு எழுதி அனுப்பியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு மேஸோடு ஏழையாக இருக்க அனுமதி கிடைத்தது. அதைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய ரீச்சரும் அன்று சப்பாத்தைக் கழற்றுவார். அவருடைய பாதங்களை வருடத்தில் ஒரு நாள்தான் பார்க்கலாம். வெளுத்து, மெலிந்து, சின்ன விரல் பக்கத்து விரலின்மேல் ஏறியிருக்கும். சரளையில் ஒவ்வோர் அடிக்கும் முகம் சுருங்கும். ஆனாலும் நடந்து முடிப்பார். அவர் நடித்தார் என்று நான் சொல்லமாட்டேன். நடித்திருந்தால் எனக்கு இவ்வளவு இளக்காரம் வந்திருக்காது. அவர் உண்மையாகவே நம்பினார். ஏழ்மை என்பது காலையில் மாட்டிக்கொண்டு பின்னேரம் கழற்றி வைக்கக் கூடியது என்று மனப்பூர்வமாக நம்பினார்.

அக்காவின் மகள் சேர்ந்த வருடம், அந்த வெள்ளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஆசிரியர் கூட்டத்தில் பாட்டு ரீச்சர் ஒரு சந்தேகம் கேட்டார். ‘அந்தப் பிள்ளையிட்டக் கழட்ட ஒண்டும் இல்லையே. அவ என்ன செய்யிறது?’

அரை மணித்தியாலம் அதைப் பற்றிக் கதைத்தார்கள். படித்த நாலு பெண்கள் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்து, வருடம் முழுதும் வெறுங்காலோடு நடக்கும் ஒரு பிள்ளையை வெறுங்காலோடு நடப்பவர்களோடு எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தார்கள். அன்றைக்கு அவளை வீட்டில் நிற்கச் சொல்லலாம் என்றார் ஒருவர். பெரிய ரீச்சர் அதிர்ச்சியோடு மறுத்தார். ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது, அதுதான் அந்த நாளின் பொருள். அவள் அப்படியே வந்து நிற்கலாமே என்றார் இன்னொருவர். அது சரிவராது, மற்றவர்கள் கழற்றும்போது அவள் சும்மா நின்றால் தியாகத்தில் பங்குபற்றாதவளாக ஆகிவிடுவாள். பழைய சோடி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிக் கொடுக்கலாம் என்று பாட்டு ரீச்சர் சொன்னார். பெரிய ரீச்சர் கண்ணை மூடித் திறந்தார்.

‘இரவல் பொருளைக் கழட்டி வைச்சால் அது காணிக்கை ஆகுமா? பிள்ளைக்கு எண்டு சொந்தமா ஒண்டு இருக்கோணும்.’ பிறகு என் பக்கம் திரும்பினார். ‘மாஸ்டர், நீங்கள் ஒருக்கா வீட்டில சொல்லிப் பாருங்கோ. துரையும் அண்டைக்கு வாறார். ஈஸ்டர் முடியச் சபை கூடி இலவச இடத்தைப் பற்றித் தீர்மானிக்கும். பிள்ளை எங்கட குடும்ப வாழ்க்கையில முழுசாப் பங்குபற்றுதா எண்டுதான் கேப்பினம். நான் ஓம் எண்டு சொல்லோணும்தானே.’

நான் தலையாட்டினேன். அந்த அறையில் ஏழ்மையைப் பற்றி நேரில் தெரிந்த ஒரே ஆள் நான்; என் தேநீரைக் குடித்து முடித்தேன்.

அன்று பின்னேரம் அதை அக்கா வீட்டில் சொன்னபோது அத்தான் வாசலில் குந்தியிருந்து முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்தார்.

‘எனக்கு ஒண்டு விளங்கேல்ல, மச்சான். சப்பாத்து இல்லாத ஆக்களுக்காகக் கழட்டுறாங்க. சரி. இவளிட்டச் சப்பாத்து இல்ல. அப்ப அவங்க கழட்டுறது இவளுக்காகத்தானே?’

‘ஓம்’ என்றேன்.

‘அதுக்கு இவளும் ஒண்டு வாங்கிக் கழட்டோணும்.’

‘ஓம்.’

‘நல்ல பள்ளிக்கூடம்’ என்றார் அத்தான். ‘அடுத்த வருசம் எங்களுக்காகப் பட்டினி கிடக்கப் போறாங்க எண்டால், முன்கூட்டியே சொல்லு. நாங்களும் ரெண்டு நாளைக்கு நல்லாச் சாப்பிட்டிட்டு வாறோம்.’

பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ‘இடம் போயிருமா, தம்பி?’ என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றேன். ‘அப்ப வாங்கத்தானே வேணும். இவர் பகிடியை விட்டுட்டு ரெண்டு நாளைக்கு ராவில கப்பல் வேலையும் பாக்கட்டும்’ என்றாள். நான் பாதி தருகிறேன் என்று சொன்னேன். என் கோட்டுக் கடனே இன்னும் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும்; கேட்காதது போல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வாங்கினார்கள். கறுப்பு, குறுக்கே ஒரு வார், பக்கத்தில் பொத்தான். நாலு ரூபாய். மேஸ் நாற்பது சதம். அளவாக இருந்த சோடியை அக்கா வேண்டாம் என்றாள். வளர்கிற பிள்ளை, அடுத்த எளியோர் வெள்ளிக்கும் கழற்ற வேண்டுமே என்று ஒரு சுற்றுப் பெரிதாக எடுத்தாள். வீட்டில் போட்டுப் பழகவும் விடவில்லை. கீறல் விழுந்துவிடும் என்று கடதாசியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தாள். பிள்ளை தினமும் பெட்டியைத் திறந்து, சுற்றைப் பிரித்து, மணந்து பார்த்துவிட்டு, திரும்பவும் சுற்றி வைப்பாளாம்.

வெள்ளிக்கிழமை விடிய நான் போனபோது அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வாரை இறுக்கிப் பொத்தானும் போட்டு, ஒழுங்கையில் நின்றாள். கையில் கொண்டுபோய் அங்கே மாட்டுவோம் என்றேன். ‘போடாமல் போனால் எப்படிக் கழட்டுற?’ என்று கேட்டாள். கோட்டை வரை நடந்தோம். தொடக்கத்தில் டக் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காகக் கல் பதித்த இடங்களாகப் பார்த்து நடந்தாள். ஸ்டேஷனுக்குக் கிட்ட வரும்போது சத்தம் குறைந்திருந்தது. நான் அன்றைய ஜெபத்தில் வாசிக்க எனக்குத் தந்திருந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு முன்னால் போனேன். ரயிலில் பக்கத்தில் இருந்தவள் வெகு நேரம் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது புதுமை. அதையும் நான் கவனிக்கவில்லை. கடைசியில் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

‘மாஸ்டர், கால் எரியுது.’

வெளியே பார்த்தேன். பம்பலப்பிட்டி தாண்டியிருந்தது.

பள்ளிக்கூட விறாந்தையில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வந்து கழற்றினார்கள். அவளுடைய முறை வந்தபோது அவள் நேரம் எடுத்தாள். மேஸ் குதிகாலில் ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தபோது இரண்டு குதிகாலிலும் காசளவுக்குத் தோல் போயிருந்தது. அவள் முகத்தைச் சுளிக்காமல், சப்பாத்தை, அக்கா சேலைத் தலைப்பால் துடைப்பது போலத் தன் சட்டை விளிம்பால் துடைத்து, பாயின் ஓரத்தில் வைத்தாள். மற்றப் பிள்ளைகளுடையவை எல்லாம் நுனி தேய்ந்து, மழையில் நனைந்து காய்ந்தவை. அவளுடைய சோடி மட்டும் மேற்பக்கம் ஒரு கீறல்கூட இல்லாமல் மினுங்கியது.

ஊர்வலம் தொடங்கியது. நாற்பத்தொரு பிள்ளைகள் சரளையில் துள்ளியும் கத்தியும் ஒருவரை ஒருவர் தள்ளியும் நடந்தார்கள். அவர்களுக்கு அது திருவிழா. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே தடித்த பாதம் உள்ளவள், எந்தக் கல்லும் ஒன்றும் செய்யாதவள், கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தாள். வாழ்க்கையில் முதன்முதலாகச் சப்பாத்துப் போட்டதால் வந்த நொண்டல். அதைப் பார்த்த பாதிரியாரின் முகம் மலர்ந்துவிட்டது. துரையின் பக்கம் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். துரையும் தலையை அசைத்தார். ஊர்வலம் முடிந்ததும் பாதிரியார் பிள்ளையை முன்னால் அழைத்துத் தோளில் கை வைத்தார்.

‘பிள்ளைகளே, நீங்கள் எல்லாரும் விளையாட்டாய் நடந்தீர்கள். இந்தச் சகோதரி ஒவ்வோர் அடியிலும் ஏழைகளின் வேதனையை உணர்ந்து நடந்தாள். இவளைப் பார்த்து நீங்கள் படிக்க வேண்டும்.’

பெரிய ரீச்சர் கைக்குட்டையை எடுத்தார். குனிந்து அந்தக் குதிகாலைப் பார்க்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் என் வசனத்தை வாசித்தேன். உரத்த குரலில், பிழையில்லாமல் வாசித்தேன்.

அதன்பிறகு துரை எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டாளத்தைப் பார்வையிடுவது போல, பாயின் ஓரமாக நடந்தார். கடைசிச் சோடியில் நின்றார். கைத்தடியின் நுனியால் தொட்டு, இது யாருடையது என்று கேட்டார். பிள்ளையின் கை உயர்ந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் அதுவரை அவளிடம் அவளுடையது என்று எதையும் கேட்டதில்லை. தான் படித்த இங்கிலீஷில், தெளிவாக, ‘என்னுடையது, சேர். புதுசு, சேர். நாலு ரூபாய், சேர்’ என்றாள்.

துரை சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய ரீச்சர் குனிந்து அவர் காதில் இந்தப் பிள்ளைதான் நம்முடைய இலவசப் பிள்ளை என்று பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

ஈஸ்டருக்குப் பிறகு சபை கூடியது. மறுநாள் பெரிய ரீச்சர் என்னைத் தம் அறைக்கு அழைத்தார். மேசைக்கு மேல் அரசரின் படம். அதற்குக் கீழே தாமே பின்னல் வேலை செய்து கண்ணாடி போட்ட ஒரு வேதவசனம். துரையின் கடிதத்தை எடுத்துத் தமிழில் சொன்னார். குடும்பத்தின் நிலைமை முன்னேறியிருப்பதைக் கண்டு சபை மகிழ்கிறது. நாலு ரூபாய்க்குச் சப்பாத்து வாங்கக் கூடிய பெற்றோர், உண்மையிலேயே வறிய ஒரு பிள்ளைக்குரிய இடத்தை வைத்திருக்க விரும்பமாட்டார்கள். பிள்ளையின் நல்ல குணத்தை முன்னிட்டு, பாதிக் கட்டணத்தில் அவள் தொடர்ந்து படிக்கலாம். அந்தப் பாதிக் கட்டணம் என் சம்பளத்தில் ஏறக்குறையப் பாதி.

‘நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தனான், மாஸ்டர்’ என்றார். கண்ணில் நீர் இருந்தது. உண்மையான நீர்தான்.

‘ரீச்சர், நீங்கள்தானே வாங்கச் சொன்னீங்கள்?’

அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பேசிய ஒரே துணிச்சலான பேச்சு அது. அவர் என்னை வருத்தத்தோடு பார்த்தார். ஒரு பிள்ளை கணக்கைப் பிழையாகச் செய்துகொண்டு வந்தால் பார்ப்பாரே, அதே பார்வை.

‘ஓம், வாங்கச் சொன்னனான். புதுசா வாங்கச் சொல்லேல்லையே.’

நான் ‘சரி, ரீச்சர்’ என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்று பெருக்கல் வாய்பாடு. அதன்பிறகும் ஒன்றேகால் வருடம் அங்கே வேலை பார்த்தேன். அடுத்த எளியோர் வெள்ளிக்கும் வசனம் வாசித்தேன். அதற்கு என்ன காரணம் சொன்னாலும் அது கேட்பதற்கு அழகாக இருக்காது. சம்பளம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். அவர்களை இளக்காரமாக எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், அவர்களோடு ஒரே விறாந்தையில் நின்றவன் என்ற தகுதி இருக்கிறது.

இப்போது உலக யுத்தமும் வந்து போய்விட்டது. நான் மட்டக்குளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அறுபது பிள்ளைகள், ஆறு வாங்கு, ஒரு சோடி சப்பாத்து, அது என்னுடையது. மழை நாட்களில் நானும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் போகிறேன், அது பழுதாகிவிடக் கூடாது என்பதற்காக. இங்கே குடும்பம் என்ற சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. ஒருவனிடம் தின்னப் பாண் இருந்தால் பக்கத்தில் இருப்பவன் கேட்காமல் பிய்க்கிறான், அதற்காக அடிபடுகிறார்கள், அடுத்த நாளும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அதை யாரும் வழக்கமாக்கிப் பெயர் வைக்கவில்லை. போன மாதம் கோட்டை ஸ்டேஷனில் பெரிய ரீச்சரைக் கண்டேன். நரைத்துவிட்டார், அதே கடிகாரம். என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அந்தப் பிள்ளை எப்பிடி இருக்கிறா? எங்கட எளியோர் வெள்ளியில அவ நடந்த நடையை நான் இண்டைக்கும் மறக்கேல்ல’ என்றார். ‘நல்லா இருக்கிறா, ரீச்சர்’ என்றேன். பிள்ளை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கிறாள். அத்தானின் துண்டை அவளால் வாசிக்க முடிகிறது. ஆனால் அந்தத் துண்டில் எழுதுகிற வேலை அவளுக்குக் கிடைத்திருக்கலாம். அதை நான் ரயில்வே ஸ்டேஷனில் நின்று யாருக்குச் சொல்வது?

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இடம் போன அந்தக் கிழமையின் சனிக்கிழமை, அத்தானும் நானும் சப்பாத்தை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனோம். பிள்ளையிடம் கேட்டுத்தான் எடுத்தோம். ‘கொண்டு போங்க, அது கடிக்குது’ என்று சொன்னாள். சொல்லிவிட்டு நாங்கள் கடதாசியில் சுற்றி முடியும் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடை முதலாளி சோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

‘இதுக்குள்ள ரத்தக் கறை ஈக்கி, தம்பி. எத்தின நாள் போட்ட?’

‘ஒரு காலைக்கு மட்டும், நானா’ என்று அவரை அண்ணன் முறை வைத்துச் சொன்னார் அத்தான். ‘போய்ச் சேந்ததும் கழட்டிட்டா.’

‘ஏன், பிள்ளைக்குப் பிடிக்கல்லையா?’

‘கழட்டத்தான் வாங்கினது.’

முதலாளி என்னைப் பார்த்தார். கோட்டுப் போட்ட ஆள் நான். விளக்கம் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. அத்தானே சொன்னார். ‘வெள்ளவத்தையில ஒரு பள்ளிக்கூடம், நானா. பிள்ளையளுக்கு ஏழையா இருக்கப் படிப்பிக்கிறாங்க. எங்கட பிள்ளை பாஸ் பண்ணேல்ல. நல்ல பணக்காரி எண்டு அனுப்பிட்டாங்க.’

முதலாளி சிரிக்கவில்லை. சோடியைத் தட்டில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். போட்ட சாமானைத் திருப்பி எடுப்பது கடை வழக்கத்தில் ஏலாது என்றும், மேஸைத் தொடவே முடியாது என்றும், இதை இனிப் பாதி விலைக்குத்தான் விற்கலாம் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு ரூபாயை எண்ணி வைத்தார். அத்தான் எடுக்காமல் நிற்பதைப் பார்த்து, இன்னும் ஒரு பத்துச் சதத்தை அதன்மேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அத்தான் அதை அக்காவின் கையில் கொடுத்தார். சப்பாத்து நாலு ரூபாய், மேஸ் நாற்பது சதம், திரும்பி வந்தது இரண்டு ரூபாய் பத்துச் சதம் என்று அவள் விரலை மடித்துப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவள், கணக்குப் பிழைக்காது. ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை ஏழையாக இருந்ததற்கு அவர்களுக்குச் செலவானது இரண்டு ரூபாய் முப்பது சதம்.